போலந்துக்கு ஒத்திகை

ஜமுனாவின் வீட்டில் காலையிலிருந்து இரண்டு பைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்று குவைத்துக்குப் போக வேண்டியது, இன்னொன்று போலந்துக்கு.

குவைத்துப் பை அவளுடைய அண்ணன் அங்கமுத்துவினுடையது. லீவு முடிந்து திரும்பிப் போகிற மனிதர். கைலி, பனியன், தலைவலித் தைலம், எறாக் கருவாட்டுப் பொட்டலம், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் டீ ஆறுவதற்குள் உள்ளே திணித்தார். ஜிப்பை இழுத்துவிட்டுப் பையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"வெயிலுக்கு இன்னா பெருசா மூட்ட கட்டறது? தோல இங்கயே கயட்டி வெச்சுட்டுப் போவலாம்னா அதயும் வெச்சுட்டுப் போவேன்" என்றார்.

போலந்துப் பைதான் ஜமுனாவின் உயிரை வாங்கியது. அது அவள் புருஷன் சுரேஷின் பை. அந்த நாட்டில் கடலோரமாக ஒரு மீன் கம்பெனி. கப்பலில் வருகிற மீனை இறக்கி, வெட்டி, பெட்டியில் அடுக்குகிற வேலை. விசா வந்துவிட்டது, டிக்கெட் வந்துவிட்டது, வாரக் கடைசியில் பயணம். தை மாதத்தில் அங்கே போய் இறங்குகிறான். தை மாதத்தில் அங்கே மைனஸ் பதினைந்தாம். மைனஸ் என்றால் என்னவென்று ஏரிக்கரைத் தோணிரேவில் யாரைக் கேட்பது? இருபது டிகிரிக்கே மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிற ஊர் அது.

சுரேஷும் ஜமுனாவும் ஏரியில் கையால் எறா பிடிக்கிறவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றில் இரண்டு கையையும் விட்டுத் தடவிக்கொண்டே போக வேண்டும். விரலில் பட்டது எறாவா, நண்டா, கல்லா, உடைந்த கிளிஞ்சலா என்று விரலேதான் சொல்ல வேண்டும். பிடித்ததைப் பல்லால் கடித்திருக்கிற ஓலைப் பறிக் கூடைக்குள் போட வேண்டும். அந்தக் கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. ஏரியில் சுரேஷின் விரலுக்கு இருக்கிற மதிப்பு பெரிய பெரிய வலைக்காரர்களுக்குக் கிடையாது. ஆனால் ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்து தூர்ந்து, எறாவே உள்ளே வராமல் போனால் விரல் மட்டும் என்ன செய்யும்? அதனால்தான் போலந்து.

சுண்ணாம்புக்குளத்து ரஞ்சித்குமார் போன வருஷமே அங்கே போனவன். அவன்தான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான். "ணா, கிளவுஸ் இல்லாம வெளிய தல காட்டாத. இங்க நேப்பாள்காரன் ஒருத்தன் வெறுங்கையோட கம்பியப் புடிச்சுக்குனு நின்னுட்டான். ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. கை மரத்துப் போச்சுன்னா தேய்க்கக் கூடாது, நெருப்புல காட்டக் கூடாது. ஒடம்புச் சூட்டுலதான் வெச்சுக்கணும். உஷாரா இரு."

அந்தக் குரலை ஜமுனா எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்குப் பிடித்த பயம்தான். சோறு பிசையும்போது புருஷனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பத்தும் அப்படியே திரும்பி வருமா?

சுரேஷுக்கு இதெல்லாம் சிரிப்பு. "மார்கழில விடியக்காலம் ஏரில எறங்கறவனுக்கு குளிர் காட்றியா? வாடக் காத்து அடிச்சா நாம இன்னா பண்றோம்? கழுத்து வரைக்கும் தண்ணில முங்கிக்கறோம். காத்துதான் ஜில்லுனு இருக்கும், தண்ணி கதகதன்னு இருக்கும். அங்கயும் கடல் கீதுல்ல? கை வெறச்சுதுன்னா தண்ணில உட்டாப் போச்சு."

அவன் சொன்னது உண்மைதான். மார்கழி விடியலில் ஏரித் தண்ணீர் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். நடுங்குகிறவர்கள் தண்ணீருக்குள் பதுங்கிக்கொள்வார்கள். கரையேறத்தான் பயப்படுவார்கள். ஜமுனாவும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்கிறாள். அதனாலேயே அவன் சொன்னதைக் கேட்டு அவளுக்குப் பயம் கூடியது. இவன் யோசித்து ஒன்றும் செய்யப்போவதில்லை, குளிர்ந்தால் கை தானாகத் தண்ணீரைத் தேடிப் போகும்.

"மாமா, அங்க தண்ணில மட்டும் கைய உட்றாத. ஆர்த்தி மேல சத்தியமா உடமாட்டேன்னு சொல்லு."

"பள்ளிக்கோடத்துல கீற புள்ளய ஏன் இதுல இழுக்கற? சரி, உடல. போதுமா?"

போதவில்லை. மூன்று விதக் கிளவுஸ் வாங்கினாள். கம்பளியில் ஒன்று, தோலில் ஒன்று, ரப்பரில் ஒன்று. காதுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. ஊட்டிக்குப் போய்வந்த எதிர்வீட்டுக்காரர்களிடம் ஸ்வெட்டர் வாங்கினாள். தடித்த காலுறைகளை வாங்கிவந்து கையை உள்ளே விட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். சென்னைக்குப் போய் ஒரு பழைய ஜெர்கினைப் பேரம் பேசி எடுத்து வந்தார்கள். யாரோ வெளிநாட்டுக்காரன் போட்டுக் கழித்தது. பார்ப்பதற்குத் தடியாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்காரன் வேர்த்து வழிய விசிறிக்கொண்டே "மைனஸ் முப்பது தாங்கும்மா" என்று சொன்னதை எப்படி நம்புவது?

"இது தாங்குமா ணா?" என்று அன்றைக்கு முற்பகல் மறுபடியும் அண்ணனைக் கேட்டாள். ஜெர்கினை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அங்கமுத்துவுக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் எதுவும் இல்லை. பதினோரு வருஷமாகக் குவைத்தில் இருக்கிறவர் போலந்துக் குளிரைப் பற்றித் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? மீசையைத் தடவினார்.

"தாங்குதா தாங்கலயான்னு பாத்துட்டாப் போச்சு. ஏன் சும்மா பேஜாரு பண்ணிக்கற? கொள்முதல் ஷெட்டுக்கு எறாக் கம்பெனியோட ஃப்ரீசர் வண்டி வரும்ல? டிரைவரு விஜயராகவன் நம்ம ஆளுதான். மாப்ள ஜெர்கினப் போட்டுக்குனு கொஞ்ச நேரம் உள்ள குந்திப் பாக்கட்டும். அதுலயும் மைனஸ்தான். அங்க தாங்கிச்சுன்னா போலந்துலயும் தாங்கும்."

சுரேஷ் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். ஜமுனா சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது அதுதான். யாராவது ஒருவர் பார்த்துவிட்டு வந்து, ஆமாம், தாங்குகிறது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் இரண்டு நாளாவது நிம்மதியாகத் தூங்குவாள்.

"போய்ட்டு ஜல்தியா வந்துடுங்க" என்றாள். அவளேதான் சொன்னாள்.

உச்சி வெயிலில் சுரேஷ் உள்பனியன், ஸ்வெட்டர், ஜெர்கின், குல்லா, தோல் கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு மச்சானின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தபோது தெருவே கூடிச் சிரித்தது. அடுத்த வீட்டு முனியம்மாள் "இன்னா சுரேசு, சந்திரனுக்கா போற?" என்று கேட்டாள். அவன் கிளவுஸ் போட்ட கையை ஆட்டிக் காட்டினான். முகமெல்லாம் வேர்வை ஊற்றியது.

அவர்கள் போன பிறகு ஜமுனா மாத்திரைகளைத் தனித்தனியாகக் கட்டினாள். வெடித்த உதட்டுக்கு என்று ஒரு தைல டப்பாவை ஓரத்தில் செருகினாள். குளிருக்கு நெய் நல்லது என்று யாரோ சொன்னதால் ஒரு பாட்டில் நெய்யைப் பாலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொரு பாலித்தீன் பையில் போட்டாள். சமைத்ததை மூடிவைத்தாள். நேரம் போனது. ரொம்ப நேரம்தான் போனது. அண்ணனும் புருஷனும் சேர்ந்தால் கடைத்தெருவில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால் பெரிதாக நினைக்கவில்லை.

பைக் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். அங்கமுத்து மட்டும் இறங்கினார். கையில் சூடான போண்டாப் பொட்டலம்.

"மாப்ள குளிச்சுட்டாரா? இந்தா, அவுருக்கும் சேத்துதான் வாங்கியாந்தேன்" என்றார்.

"இன்னா ணா சொல்ற? உங்கூடதான வந்தாரு?"

"வூட்டுக்கு வரலயா?"

"வரலயே."

அங்கமுத்துவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எடுக்கவும் அவருக்குத் தெரியவில்லை. "நான்... அவுர உள்ள உட்டுட்டு வெளிய நின்னுக்குனுதான் இருந்தேன். கொவைத்துலருந்து எங்க மொதலாளி கப்பீல் போன் பண்ணிட்டான். அங்க டவர் எடுக்கல, ஏரிக்கர ஓரமாப் போயிப் பேசினு இருந்தேன். திரும்பி வந்து பாத்தா வண்டி கெளம்பிடுச்சு. மாப்ள பாத்துட்டு எறங்கி நடந்தே வந்துட்டாருனு நெனச்சேன்மா. வேர்வ தாங்காம ஓடியாந்துட்டாருனு..."

ஜமுனா போனை எடுத்துச் சுரேஷின் நம்பரை அழுத்தினாள். அது வீட்டுக்குள்ளேயே, சார்ஜரில் கிடந்தபடி பாடியது.

அந்தப் பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு ஜமுனா செருப்புகூடப் போடாமல் பைக்கில் ஏறினாள். "எடு ணா" என்றாள். அவர் சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே திணறினார். "எடுறா" என்று அவள் கத்திய பிறகுதான் வண்டி நகர்ந்தது. பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

கொள்முதல் ஷெட்டில் எறா தரம் பிரிக்கிற காந்தா மட்டும்தான் இருந்தாள். ஈரத் தரையைத் துடைப்பத்தால் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரீசர் வண்டி எப்பக்கா கெளம்புச்சு?"

"அது போய் நேரமாவுதே. விஜயராகவன் டீ குடிச்சுட்டு வந்தாரு, ஏறுனாரு, போய்ட்டாரு."

"எங்க வூட்டுக்காரரு எறங்கனத பாத்தியா?"

"உம் புருஷன் ஏறனத பாத்தேன். எறங்கனத பாக்கலயே." சொல்லிக்கொண்டிருக்கும்போதே காந்தாவுக்குப் புரிந்துவிட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஐயோ, அந்தக் கதவு உள்ளருந்து தொறக்காதுடி. உள்பக்கத்துக் கைப்புடி ஒடஞ்சுபோய் எத்தினி நாளாவுது. கதவத் தொறந்து வெச்சா எறா கெட்டுப்பூடும்னு வெளிய கொக்கி மாட்டிட்டுதான் டிரைவரு டீக்குப் போனாரு. நீ பாத்துக்கறன்னு சொன்னியே அங்கமுத்து. நீ எறக்கி உட்டிருப்பன்னு நெனச்சுதான் அவுரு வண்டிய எடுத்துருப்பாரு."

அங்கமுத்து பைக்கை ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

டிரைவருடைய நம்பர் காந்தாவிடம் இருந்தது. ஜமுனா போட்டாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதுவும் அப்படியே.

"வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டாரு" என்றாள் காந்தா. "அந்த விஷயத்துல ரொம்ப நல்ல மனுசன்."

நல்ல மனுஷன். இன்றைக்கு ஒரு நாள் அவன் கெட்ட மனுஷனாக இருக்கக்கூடாதா என்று ஜமுனா கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள்.

பைக் பாலத்தைத் தாண்டிப் பொன்னேரி ரோட்டைப் பிடித்தது. காற்று முகத்தில் சூடாக அடித்தது. அவளுக்கு மட்டும் பல் கிட்டிக்கொண்டது. ஒரு கையால் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குரல், நீங்கள் அழைக்கும் நபர் பதிலளிக்கவில்லை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் பொறுமையாகச் சொன்னது.

"ஜெர்கின் போட்டுனு கீறாருமா. ஒண்ணும் ஆவாது. நல்ல தடிமன் ஜெர்கின்" என்று அங்கமுத்து முன்னாலிருந்து கத்தினார். அது அவளுக்குச் சொன்ன சமாதானமா தனக்குச் சொல்லிக்கொண்டதா தெரியாது.

ஜெர்கின் போட்டிருக்கிறான், கிளவுஸ் போட்டிருக்கிறான். அதைக் கழற்றாமல் இருந்தால் போதும், அதை மட்டும் கழற்றாமல் இருந்தால் போதும். ஆனால் ஜமுனாவுக்கு அவனைத் தெரியும். அந்த வண்டியையும் தெரியும். அவள் பிடித்த எறாவும் அதில்தானே போகிறது. உள்ளே இரண்டு ஓரத்திலும் நீலப் பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கும். உப்பும் ஐஸும் போட்ட தண்ணீரில் எறா மிதந்துகொண்டிருக்கும். இருட்டில் ஒரு மனிதன் குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பான். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கும்.

உடாத மாமா என்று வாய்விட்டுச் சொன்னாள். கைய உடாத மாமா. காற்று அதை எடுத்துக்கொண்டு போயிற்று.

பொன்னேரி தாண்டிவிட்டால் வண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிடும். அப்புறம் பைக்கில் பிடிக்கவே முடியாது. கம்பெனி வாசலில் கதவைத் திறக்கும்போது என்ன இருக்கும் என்று அவள் நினைக்க ஆரம்பித்தாள், உடனே நினைப்பதை நிறுத்தினாள், மறுபடியும் நினைத்தாள்.

திருப்பாலைவனத்துக்குள் நுழைகிற இடத்தில் வண்டிகள் வெகுநேரமாகத் தேங்கி நின்றுகொண்டிருந்தன. சம்பா அறுவடைக் காலம். ஒரு அறுப்பு மிஷின் வயலிலிருந்து ஏறி, ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு, ஆமை மாதிரி ஊர்ந்து போனது. போதாக்குறைக்குப் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மிஷினுக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளை வண்டி.

ஜமுனா பைக் நிற்பதற்குள் குதித்தாள். முட்டி தேய்ந்து ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தாள். நேராகப் பின்கதவுக்கு ஓடி, கொக்கியைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கதவை அறைந்தாள். டிரைவர் விஜயராகவன் கோபமாக இறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் கொக்கியைத் தட்டிவிட்டார்.

கதவு திறந்ததும் வெள்ளையாக ஆவி வெளியே வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

சுரேஷ் ஏரியில் குந்துவது போலவே குந்தியிருந்தான். குல்லாவில் உப்புப் பூத்தமாதிரி வெள்ளை படிந்திருந்தது. இரண்டு கைகளும் முழங்கை வரை எறாத் தொட்டிக்குள் இருந்தன. கிளவுஸ் இரண்டும் பக்கத்துப் பெட்டியின் மேல், ஒன்றன் மேல் ஒன்றாக, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

வெளிச்சம் பட்டதும் தலையைத் திருப்பினான். வாய் கோணிக்கொண்டு வந்தது. "கிளவுசோட தட்டினா சத்தமே வரல. அதான் கயட்டிட்டுத் தட்டினேன்" என்றான், ஏதோ தப்புச் செய்த பிள்ளை போல. "அப்பறம் கை வலிச்சுச்சு. தண்ணி நல்லா சூடா இருந்துச்சு ஜமுனா."

இழுத்து இறக்கினார்கள். கைகளைப் பார்த்து விஜயராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோல் மெழுகு போல வெளுத்து, விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றன. "இஞ்சின் பானட்டு மேல வெச்சுப் புடி, நல்லா சூடா கீது" என்று அங்கமுத்து அவனை முன்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஜமுனா அண்ணனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். அவர் நெல்லின் மேல் போய் விழுந்தார்.

நடுரோட்டில், பஸ் ஜனம் முழுக்க எட்டிப் பார்க்க, அவள் முந்தானையைத் தளர்த்தி அந்த இரண்டு கைகளையும் தன் வெறும் வயிற்றின் மேல் வைத்து மூடிக்கொண்டாள். குளிர் குடலுக்குள் இறங்கியது. மூச்சு நின்று வந்தது. விடவில்லை. அவன் கைகளில் கனம் மட்டும்தான் இருந்தது, அவளைப் பிடிக்கிற பிடிப்பு இல்லை. வெட்கமெல்லாம் அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. பயம்தான் இருந்தது, உச்சந்தலை வரைக்கும்.

பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்ததால் பிழைத்தார்கள். நர்ஸ் தேவி வெதுவெதுப்பான தண்ணீரில் கைகளை வைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளை போய் ஊதா வந்தது, ஊதா போய்ச் சிவப்பு வந்தது. சுரேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், சட்டென்று குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தான். வலி தாங்க முடியவில்லை என்றான்.

"அழுங்க, நல்லா அழுங்க. வலி வந்தா உயிர் இருக்குன்னு அர்த்தம்" என்றாள் நர்ஸ். ஜமுனாவுக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது.

டாக்டர் கொஞ்ச வயதுக்காரர். விரல்களை அழுத்திப் பார்த்தார். விரல் நுனியில் தொடு உணர்ச்சி முழுசாகத் திரும்ப வேண்டும் என்றார். திரும்பிவிட்டால் பயமில்லை. திரும்பாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. உணர்ச்சி வராத கையோட மட்டும் குளிர் நாட்டுக்குப் போகக்கூடாது. அடிபட்டதுகூட உங்களுக்குத் தெரியாது. கை போனப்புறம்தான் தெரியும்."

சுரேஷ் தலையாட்டினான். பிறகு தினமும் கட்டு மாற்றப் போனபோதெல்லாம் நர்ஸ் தேவி அவனைக் கண்ணை மூடச் சொல்லி, சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். முதல் நாள் இல்லை என்றான். இரண்டாம் நாள் லேசாக என்றான். மூன்றாம் நாள் எல்லாம் தெரிகிறது என்றான். டாக்டர் சிரித்துக்கொண்டே, பயணம் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

அங்கமுத்து அதற்குள் குவைத்துக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கும். வாசலில் நின்று "மன்னிச்சுக்க மாப்ள" என்றார். "அத உடு மச்சான், நீ இன்னா வேணும்னா பண்ண?" என்று சுரேஷ் அவரைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்டபோது அவன் கைகள் அவர் முதுகில் படாமல் விரிந்தே இருந்ததை ஜமுனா பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் பார்க்க ஆரம்பித்தாள். பார்க்க ஆரம்பித்தால் நிறையத் தெரிந்தது. டீ கிளாஸை எடுக்கும்போது அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே எடுத்தான். சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துப் போட்டான். இருட்டிலேயே நண்டையும் கல்லையும் பிரித்தவன், தன் பையிலிருந்து சில்லறையை எடுக்கப் பையை விரித்துக் கண்ணால் தேடினான். கேட்டால், கட்டு போட்டிருந்த கை, பழக நேரமாகும் என்றான்.

பயணத்துக்கு முதல்நாள் காலையில் பாயில் உட்கார்ந்து பையை எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்த்தி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

"மாமா, உண்மையச் சொல்லு. வெரலு தெரியுதா?"

"டாக்டரே சொல்ட்டாரு. உனக்கின்னா?"

"தெரியலன்னா போவாத. நாம இங்கயே எதனா பாத்துக்கலாம்."

"இங்க இன்னா பாக்கறது?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். தெரியாத விரலை வைத்துக்கொண்டு ஏரியிலும் ஒன்றும் பிடிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"கைய நீட்டு. கண்ண மூடு."

"இன்னா வெளாட்டு இது?"

"மூடு மாமா."

சுரேஷ் சிரித்துக்கொண்டே வலது கையைப் பாயின் மேல் மல்லாத்தி வைத்துக் கண்ணை மூடினான். ஜமுனா நர்ஸ் செய்தது போலவே சுண்டு விரலின் நுனியில் மெல்லத் தொட்டாள்.

"சுண்டு வெரலு" என்றான்.

அடுத்த விரலைத் தொட்டாள்.

"மோதர வெரலு."

அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கடவுளே, தெரிகிறது, என் புருஷனுக்குத் தெரிகிறது. இத்தனை நாள் அவனை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைப்பதற்காகக் கையை எடுத்தாள்.

"நடு வெரலு" என்றான் சுரேஷ்.

ஜமுனாவின் கை முகத்துக்குப் போகிற வழியிலேயே நின்றது. அவள் இன்னும் தொடவில்லை. மெதுவாக இரண்டு கைகளையும் இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆள்காட்டி வெரலு" என்றான். கொஞ்ச நேரம் விட்டு, "கட்ட வெரலு" என்றான்.

அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. "அவ்ளோதான? எல்லாம் தெரியுது பாரு. இனிமேனாச்சும் பயப்படாம பைய மூடு."

அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஜமுனாவுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.